பாட்டுக்கும் கோலம் உண்டு!

போன பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. கோயில் வாசலில் தவில்காரர் வெளுத்து வாங்கிக் கொண்டிருக்கிறார். என் சின்ன மகளோ குனிந்த தலை நிமிராமல் செல்போனையே பார்த்துக் கொண்டிருக்கிறாள். ‘சாமி கும்பிட வந்த இடத்திலுமா?’ என்று பிடுங்கப் போனேன். திரையைப் பார்த்ததும் கை அப்படியே நின்று விட்டது.

தவிலில் அடி விழ விழ, திரையில் ஒரு புள்ளிக் கோலம் பூத்துப் பூத்து அடங்குகிறது. நாதஸ்வரம் மேலே போனால் ஒரு கோடும் கூடவே ஏறுகிறது. என் மகள் தொடையில் தாளம் போட்டுக் கொண்டிருக்கிறாள்!

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். சகோதரிகளே, என் மகளுக்குக் காது சரியாகக் கேட்காது.

மூன்றரை வயது வரை அது எங்களுக்கே தெரியாது. “நம்மூட்ல எல்லாருக்குமே பேச்சுத் தாமசந்தான், கவலப்படாத கண்ணு” என்று மாமியார் சொன்னதை நானும் நம்பினேன். கதவைத் தட்டினால் திரும்புகிறாளே என்று சமாதானம் வேறு. தரையின் அதிர்வை உணர்ந்து திரும்பியிருக்கிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. இன்று அவளுக்கு 13 வயது. இரண்டு காதிலும் மெஷின். நன்றாகப் பேசுவாள், படிப்பாள். பாட்டு என்றால் மட்டும் எழுந்து போய்விடுவாள். “எல்லாம் ஒரே இரைச்சலா இருக்கும்மா” என்பாள்.

மாவு சலிப்பது போல

அந்தக் கோல ‘ஆப்’பைச் செய்தவன் என் அண்ணன் மகன். பகலில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு வேலை; ராத்திரியில் கம்ப்யூட்டர். இந்த மாதிரி ஆப்புக்கு ‘மியூசிக் விஷுவலைசர்’ என்று பெயராம்.

“எப்படியப்பா இது?” என்றேன்.

“நீங்க மாவு சலிக்கறீங்கல்லங் அத்தை, அதே வேலைதானுங்” என்றான்.

மைக் வழியாக வரும் ஓசையை போன் எண்களாக மாற்றிக் கொள்கிறது. சி.டி. தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றைக் கணக்குச் சல்லடையில் போட்டு, கனத்த ஓசை, நடுத்தர ஓசை, கீச்சென்ற ஓசை என்று பிரிக்கிறது. எந்தப் பங்கு அதிகமோ அதற்குரிய புள்ளி பெரிதாகிறது. இந்தச் சல்லடைக்கு அடிப்படை, பிரான்ஸ் தேசத்து ஃபூரியே 1822-ல் வெளியிட்ட கணிதம். அதைக் கம்ப்யூட்டரில் வேகமாகப் போடும் வழியை 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள்.

ரவையும் மணலும்

ஓசையைக் கண்ணால் பார்க்கும் ஆசை புதிதல்ல. வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் 1885-ல் ஒரு கருவி செய்தார். குழாயில் பாடினால் மறுமுனையில் இருக்கும் சவ்வு அதிரும்; அதன்மேல் தூவிய மணல் பூப் போலவும் கோலம் போலவும் உருவம் எடுக்கும். ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய அம்மையார் அவர்.

நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனும் இதில் ஈடுபட்டவர்தான். மிருதங்கத்தின் இனிமைக்கு அதன் வலந்தலையிலுள்ள கருப்புப் பூச்சுதான் காரணம் என்று கண்டு, 1920-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். அதிரும் தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் உருவங்களையும் 1934-ல் வெளியிட்டார்.

நீங்களும் பார்க்கலாம். அகலமான கிண்ணத்தின் வாயில் பலூன் துண்டை இழுத்துக் கட்டி, மேலே ஒரு சிட்டிகை ரவை தூவுங்கள். ஊதாமல், பக்கத்தில் வாயை வைத்து ‘ம்ம்ம்’ என்று பலமாக ராகம் இழுங்கள். ரவை துள்ளும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பலூன் துண்டுகளைப் பத்திரமாக எடுத்துப் போட்டுவிட வேண்டும். தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

கம்ப்யூட்டரில் இதைப் பெயரெடுக்க வைத்தவர்களில் ஒருவர் ரயன் கைஸ் என்ற அமெரிக்கர். 1998-ல் தன் பெயரிலேயே ஒரு விஷுவலைசர் எழுதினார். 2001-ல் ‘மில்க்டிராப்’ வந்தது. அதில் உருவங்களுக்கான சூத்திரங்களை யார் வேண்டுமானாலும் சிறு குறிப்பாக எழுதிச் சேர்க்கலாம். நாம் கோல நோட்டை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதில்லையா, அதே போல உலகமெங்கும் பலர் எழுதிப் பரிமாறிக் கொண்டார்கள். 2005-ல் அதன் மூல நிரலே எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. ‘புராஜெக்ட்எம்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் அதே முறையைப் பல வகைக் கம்ப்யூட்டர்களிலும் போன்களிலும் ஓட வைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் என் மருமகனுக்கும் ஆசை பிறந்ததாம்.

பரீட்சை வைத்தவள் என் மகள்

முதலில் செய்த ஆப்பை என் மகள் ஒரே நிமிஷத்தில் தள்ளி விட்டாள். “மச்சான், தவில்காரர் கையெடுத்த அப்புறந்தான் புள்ளி குதிக்குது” என்றாள். எங்கள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. கையையும் உதட்டையும் பார்த்தே வளர்ந்தவள் அல்லவா!

காரணம் என்னவென்றால், போன் ஓசையைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் சலிக்கும். பெரிய கூறாகச் சேர்த்தால் ஸ்வரம் தெளிவாகப் பிரியும், ஆனால் தாமதமாகும். சின்னக் கூறானால் வேகம் வரும், ஸ்வரம் கலங்கும். பல ராத்திரி மண்டையை உடைத்துக் கொண்டு, கடைசியில் தாளத்துக்குச் சின்னக் கூறு, ஸ்வரத்துக்குப் பெரிய கூறு என்று இரண்டையும் வைத்தான்.

அடுத்து, அழகுக்காகத் திரை முழுக்க வெள்ளையாக மின்ன வைத்தான். அதை நான்தான் தடுத்தேன். 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘போகேமான்’ கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில், சுமார் 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இன்று சொல்லப்படும் விதி. வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் இதையெல்லாம் காட்டவே கூடாது.

இரண்டு வருஷமாகியும் இதில் ஒரு பைசா வரும்படி இல்லை. “சம்பளம் வராத வேலைக்குக் கண்ணு முழிக்கறான் பாரு” என்று அண்ணன் முணுமுணுக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஒருநாள் சாயங்காலம் வாசலில் வெங்காயம் உரித்துக் கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ‘ஆ...’ என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால் என் மகள்! திரையில் கோடு நடுங்குகிறது. மூச்சை இழுத்து மறுபடி பாடுகிறாள். கோடு கொஞ்சம் நேராகிறது. என்னைப் பார்த்ததும், “ம்மா, என் குரல் இப்படித்தான் இருக்குமா?” என்றாள். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக் கொண்டேன்.

இது வைத்தியம் அல்ல என்று காது டாக்டர் தெளிவாகச் சொல்லி விட்டார். மெஷினும் பேச்சுப் பயிற்சியும் இருந்தாக வேண்டும். படம் என்பது பாட்டுக்குத் துணை, அவ்வளவுதான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். ஆறு மாதத்தில் உங்கள் குரல் வரும் பக்கம் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போலக் காத்திருக்காதீர்கள். பிறந்த சில நாளிலேயே வலியில்லாமல் காதைப் பரிசோதிக்கும் வசதி இன்று இருக்கிறது. தேவைப்படும் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்க, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவியும் உண்டு. ஆனால் அதற்கு வயது வரம்பு இருக்கிறது. நாளைக் கடத்தினால் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

எங்கள் பக்கம் தைப் பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கிற நோம்பி வரும். பெண் பிள்ளைகள் கும்மியடித்துப் பாடிப் போவார்கள். என் மகள் இதுவரை திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்திருக்கிறாள். வருகிற தையில் தானும் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். கோடு கொஞ்சம் கோணினால்தான் என்ன?