தீமையை அரசு விற்கலாமா?

வாணிகப் பொருள்களுள் ஒரு வகை உண்டு. விற்பவர்க்கு ஊதியத்தையும் வாங்குபவர்க்கு இழப்பையும் தருவது அதன் இயல்பு. மதுவும் புகையிலையும் சூதாட்டச் சீட்டும் அவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைச் சட்டம் தடுக்க வேண்டுமா, இசைய வேண்டுமா என்பது பழைய கேள்வி. அரசே கடை வைத்து இவற்றை விற்கலாமா என்பது வேறு கேள்வி. நாம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வாதாடுகிறோம். அவற்றைப் பிரித்துக் காட்டுவதே இப்பேச்சின் நோக்கம்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாகவும் சூதினை 94-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அவர் அவற்றை வைத்த இடம் அறத்துப்பால் அன்று, பொருட்பால். தனி மனிதனின் ஒழுக்கத்தோடு இச்செய்தி முடிந்துவிடவில்லை, நாட்டின் பொருள்நிலையையும் ஆட்சியையும் தொடுகிறது என்று அவர் கருதினார் போலும். நாமும் அந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

தீமை தரும் ஒரு பொருளைக் குறித்து அரசு மூன்று நிலைகளில் ஒன்றை மேற்கொள்ளலாம். ஒன்று தடுத்தல். மற்றொன்று பொறுத்தல், அதாவது முழுதும் ஒழிக்க இயலாது என உணர்ந்து, வயது, நேரம், இடம் ஆகியவற்றில் கட்டுப்பாடு விதித்து விட்டுவைத்தல். மூன்றாவது விற்றல். முதல் இரண்டிலும் அரசு நடுவராக நிற்கிறது. மூன்றாவதில் ஆட்டக்காரராக இறங்குகிறது. பள்ளி ஆசிரியனாக இருந்தவனுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். குறும்பு செய்யும் மாணவனை ஒரு தலைமையாசிரியர் கண்டிக்கலாம். சில வேளை காணாததுபோல் இருக்கவும் செய்யலாம். ஆனால் அவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை நம்பும் அனைவரையும் அவர் ஏமாற்றுகிறார். அரசின் முத்திரையும் ஒரு சான்றிதழே.

வரலாற்றைச் சற்றே பார்ப்போம். 1937 அக்டோபரில் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939-ல் எங்கள் வட ஆர்க்காட்டுக்கும் அது பரவியது. கள்ளுக்கடைகள் தந்துவந்த வருமானம் நின்றது. கருவூலம் என்ன செய்வது? 1939-ல் விற்பனை வரி என்ற புதிய வரியை இராஜாஜி கொண்டுவந்தார். குடிப்பவன் ஒருவனிடம் பெரும்பொருள் பறிப்பதைவிட, பொருள் வாங்கும் எல்லாரிடமும் சிறிது சிறிதாகப் பெறுவது நேர்மை என்பது அதன் உட்கருத்து. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1948 அக்டோபர் 2-ஆம் நாள், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், மாகாணம் முழுவதற்கும் அது விரிந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவும் மதுவிலக்கை நாட்டின் குறிக்கோள்களுள் ஒன்றாக எழுதி வைத்தது.

1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-ல் மீண்டும் வந்தது. 1981-ல் மீண்டும் தளர்ந்தது. 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது ‘டாஸ்மாக்’, மொத்த விற்பனைக்கென அமைக்கப்பட்டது. இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. மது விற்பனை போனது. ஆயினும் அதற்கு ஈடாக வந்த விற்பனை வரி போகவில்லை. மது வருமானம் திரும்பியபோது கருவூலம் இரண்டையும் வைத்துக்கொண்டது!

இனிப் பரிசுச் சீட்டுக்கு வருவோம். 1967-ல் கேரளம் இந்தியாவில் முதன்முதலாக அரசு லாட்டரியைத் தொடங்கிற்று. 1968-ல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழகமும் தொடங்கிற்று. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கத்தை முதியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த முழக்கத்தில் நல்லெண்ணம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. கணக்கு வேறு கதை சொல்கிறது. ஒரு ரூபாய்ச் சீட்டுகள் பத்து இலட்சம் விற்கின்றன. அவற்றுள் பாதித் தொகை பரிசாகத் திரும்புகிறது என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சீட்டிலும் சராசரியாக ஐம்பது பைசா போயிற்று என்பதே பொருள். ஒருவனுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம் எனலாம். மற்றவர்களுக்கு நேர்ந்தது துரதிர்ஷ்டம் அன்று, வகுத்தல் கணக்கு. அந்த ஐம்பது பைசாவை வரியாகக் கேட்டிருந்தால் ஏழை முணுமுணுத்திருப்பான். கனவாகக் கொடுத்ததால் வரிசையில் நின்று செலுத்தினான்.

எங்கள் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் கூலி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளே என் மாணவர்களுள் மிகுதி. கூலி கைக்கு வரும் நாளில், பணம் வீடு சேருமுன் அதற்காகக் காத்திருந்தவை இரண்டு: சீட்டு விற்பவரின் பலகை ஒன்று, சாராயக் கடை ஒன்று. நாள்தோறும் குலுக்கல், ஒற்றை இலக்கச் சீட்டு என்று லாட்டரி விரைவு கொண்டபோது, காலையில் வாங்கிய சீட்டின் தோல்வியை மாலையில் வாங்கும் சீட்டால் மீட்கலாம் என்ற மயக்கமும் விரைந்தது. நாடாளுமன்றம் 1998-ல் இயற்றிய லாட்டரிச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசை விலக்கியது. தமிழக அரசு 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையையும் தடை செய்தது.

அந்த 2003-ஆம் ஆண்டை ஒரு பாடமாகவே நடத்தலாம். ஜனவரியில் லாட்டரிக்குத் தடை. அதே ஆண்டில் மைய அரசின் புகையிலைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்கலாகாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கலாகாது என்று அது விதித்தது. நவம்பரில் மாநில அரசே மதுவின் சில்லறை விற்பனையை ஏற்றுக்கொண்டது. ஒரே ஆண்டில் ஒன்றைத் தடுத்தோம், ஒன்றைப் பொறுத்தோம், ஒன்றை விற்கப் புகுந்தோம். மூன்றும் ஒரே கூலிக்காரனின் சட்டைப்பையிலிருந்து எடுப்பவையே.

மதுக்கடை விதிகளிலும் தூரம் குறிக்கப்பட்டுள்ளது. பள்ளியிலிருந்தும் வழிபாட்டிடத்திலிருந்தும் நகரங்களில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தள்ளி மதுக்கடை இருக்க வேண்டும். இவ்விதி நல்லதே. ஆனால் அதன் பொருளைச் சற்றே எண்ணுங்கள். நியாயவிலைக் கடைக்கும் பள்ளிக்கும் இடையே யாரும் அளவுநாடா பிடிப்பதில்லை. அஞ்சல் நிலையத்தைப் பிள்ளைகள் பார்க்கலாகாது என்று எவரும் சொல்வதில்லை. தான் நடத்தும் பள்ளியின் கண்ணிற் படாமல் தான் நடத்தும் கடையை மறைக்க வேண்டும் என்று அரசே அளந்து வைத்திருக்கிறது எனின், தான் விற்பது இன்னதென்று அரசுக்குத் தெரியும். கடையை நடத்தும் கழகம் இருப்பது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ். பெயரில் விலக்கு, பணியில் விற்பனை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் மூன்று. அவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

முதலாவது, வயது வந்த மனிதனின் உரிமை. தன் பணத்தைத் தான் விரும்பியவாறு செலவிட அவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார்கள். உண்டு. ஆயினும் குடிப்பவன் ஒருவன், விலை கொடுப்பவர் பலர். பள்ளியைவிட்டு நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவேட்டில் ஒரு காரணம் எழுதுவோம். ‘குடும்ப வறுமை’ என்று எழுதிய பல இடங்களில், அந்த வீட்டின் வருவாய் குறைவானது அன்று என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். வருவாய் வீடு வந்து சேரவில்லை, அவ்வளவே. மேலும், ஒருவனுக்கு வாங்கும் உரிமை இருப்பதனாலேயே அரசுக்கு விற்கும் கடமை பிறந்துவிடாது.

இரண்டாவது, கள்ளச் சாராயம். தடை விதித்தால் நஞ்சு புகும் என்கிறார்கள். இது மெய்யான அச்சம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஆனால் அப்போது அரசுக் கடைகள் திறந்தே இருந்தன. கடை இருப்பதே காவல் ஆகாது என்பதை அது காட்டிற்று. நாளையே முழுத்தடை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சட்டம் மனத்தை முந்திக்கொண்டு ஓடினால் களைத்து விழும். பொறுத்துக்கொள்ளலாம், பொறுப்பவன் இலாபம் தேடலாகாது.

மூன்றாவது, வருமானம். 2023-24-ஆம் ஆண்டில் மதுவினால் ஆயத்தீர்வையாகவும் விற்பனை வரியாகவும் தமிழக அரசு பெற்றது ஏறத்தாழ 45,800 கோடி ரூபாய். இப்பணத்தால் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கின்றன என்பார்கள். மறுக்கவில்லை. அதுவே என் கவலையும். ஒரு தீமை குறைந்தால் நாட்டுக்கு நட்டம் என்ற நிலை வந்துவிட்டால், அத்தீமையைக் குறைக்க எவருக்குத் துணிவு வரும்? நோயாளி குணமானால் வருவாய் போகுமே என்று கவலைப்படும் மருத்துவரை யார் நம்புவார்?

அப்படியாயின் வழி என்ன? தொலைவில் தேட வேண்டியதில்லை. பாலாற்றங்கரையிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று தோல் தொழில் தந்த பாடம். தோல் பயனுள்ள பொருள். ஆயினும் பதனிடும் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் நிலத்தையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில் இது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று விதித்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் இட்டது. இழப்பை அளந்து ஈடு வழங்க ஓர் ஆணையம் அமைக்கவும் சொன்னது. 2025 ஜனவரியில், இன்னும் தீராத குறையைக் கண்டு, பாதிக்கப்பட்டோர்க்கு அரசே முதலில் ஈடு வழங்கிப் பின்னர் மாசு செய்தவரிடம் அதைப் பெறுக என்றும் ஆணையிட்டது. பிறரால் பயிர் கருகியவனுக்கு ஈடு உண்டு என ஒப்புக்கொண்ட நாம், கடையால் குடும்பம் கருகியவளுக்கு ஈடு இல்லை என்று எப்படிச் சொல்வது?

மற்றொன்று பீடி தந்த பாடம். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் பலர். முறத்தை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை இட்டு, நூலைக் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார்கள். தீமை தரும் பொருள்தான். ஆனால் அந்தத் தாயைக் குற்றவாளி என்பவன் பசியை அறியாதவன். 1976-ல் மைய அரசு ஒரு சட்டம் செய்தது. பீடியின் மீது சிறு தீர்வை விதித்து, அப்பணத்தைப் பொதுக் கருவூலத்தில் கரைக்காமல், பீடித் தொழிலாளரின் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் ஒதுக்கியது. அந்த உதவித்தொகை விண்ணப்பங்களில் ஆண்டுதோறும் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். அவற்றுள் சில செவிலியர்களாகவும் ஆசிரியர்களாகவும் முதிர்ந்தன. 2017-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டுவிட்டது. அதன் கொள்கை நீங்க வேண்டியதில்லை. தீமையிலிருந்து வரும் பணம் அத்தீமையால் நலிந்தவர்க்கு முதற்கடன் பட்டது என்பதே அக்கொள்கை.

இவ்விரு பாடங்களையும் மதுவுக்குப் பொருத்துவோம். மது வருமானத்தின் முதற்பங்கு குடிநோயரின் மருத்துவத்துக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் போகட்டும். அக்கணக்கு தனியே வெளியிடப்படட்டும். அரசின் அன்றாடச் செலவு அதை நம்பியிராதவாறு ஆண்டுதோறும் சார்பு குறையட்டும். எத்தனை கடை, எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பவரும் விற்பனை இலாபம் காண்பவரும் ஒருவராக இல்லாதிருக்கட்டும்.

இயலுமா என்பீர்கள். அண்மையில் ஒன்று இயன்றிருக்கிறது. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் பரவியபோது, திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய கேள்வியிலேயே வழக்குகள் சுழன்றன. குதிரைப் பந்தயம் திறமை என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொல்லியிருந்தது. தமிழக அரசின் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் விலக்கியது. இதனிடையே, கட்டும் பணம் முழுவதன் மீதும் 28 விழுக்காடு வரி 2023 அக்டோபர் முதல் நடப்புக்கு வந்திருந்தது. அந்த வரியைச் சுவைத்த பின்னும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்தது. வருமானத்தை விட்டுக்கொடுக்க ஓர் அரசால் முடியும் என்பதற்கு 1939 ஒரு சான்று. 2025 மற்றொரு சான்று.

ஓர் அரசு தீமை முழுவதையும் ஒழித்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேராசை. தீமையைக் கண்டு பொறுத்துக்கொள்ளும் அரசைக்கூட மக்கள் மன்னிப்பார்கள். ஆனால் தன் குடிமகன் தோற்கும்போதெல்லாம் தான் வெல்லும்படியான ஒரு வாணிகத்தில் அரசு நிலைத்து அமரலாகாது. பள்ளிக்கும் கடைக்கும் இடையே உள்ள தூரத்தை மீட்டரில் அளந்துவிட்டோம். அறத்துக்கும் அரசுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கும் பொறுப்பு வாக்களிக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது.