அள்ளிக்கொண்டு ஓடுவதா, நின்று ஆடுவதா?

சாலையோரத்தில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. இருவர் பைகளுடன் இறங்குகின்றனர். கூடியிருக்கும் மக்கள் என்ன சொல்வார்கள்? "சீக்கிரம் தூக்கிப் போட்டுக்கொண்டு போங்கள்!" என்றுதான் கூவுவார்கள். ஆனால் வந்தவர்கள் சில சமயம் நோயாளியைத் தூக்குவதில்லை. அங்கேயே மண்டியிட்டு இருபது நிமிடங்கள்கூட வேலை செய்கிறார்கள். வேறு சில சமயங்களிலோ, ஊசி ஒன்றும் போடாமல் அள்ளி ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

மேல்நாடுகளில் இப்பணியைச் செய்வோரைப் 'பாராமெடிக்' என்பர். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் தொழில்மொழியில் இவ்விரு வழிகளுக்கும் பெயர்கள் உண்டு. ஒன்று 'ஸ்கூப் அண்ட் ரன்', அதாவது அள்ளிக்கொண்டு ஓடு. மற்றது 'ஸ்டே அண்ட் ப்ளே', அதாவது நின்று ஆடு. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும் இச்சொற்களுக்குப் பின்னே அறுபது ஆண்டு வாதம் ஒன்று இருக்கிறது. அதில் பணயமாக வைக்கப்பட்டிருப்பது மனித உயிர்.

பிணவண்டி வந்த காலம்

1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் நோயாளியை ஏற்றிச் சென்றது எது தெரியுமா? ஈமச்சடங்கு நிறுவனத்தின் பிணவண்டி, அல்லது போலீஸ் வேன். வழியில் மருத்துவம் என்ற பேச்சே இல்லை.

மாற்றம் இரண்டு ஊர்களில் தோன்றியது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர், நின்றுவிட்ட இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவியைக் கார் பாட்டரிகளுடன் இணைத்து, 1966-இல் வண்டியில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ! நோயாளி மருத்துவமனைக்குப் போவதற்கு மாறாக, மருத்துவமனையே நோயாளியிடம் சென்றது.

மற்றோர் ஊர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். அந்நகரின் முன்னாள் மேயரான டேவிட் லாரன்ஸ் 1966-இல் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது சாய்ந்தார். போலீஸ் வண்டியில் கொண்டு செல்லப்பட்ட அவரை மருத்துவர்களால் மீட்க முடியவில்லை. அவர்களுள் ஒருவர் பீட்டர் சஃபார். வாயோடு வாய்வைத்து மூச்சூட்டும் முறையை நிலைநாட்டியவர். இவர் 1967-இல், வேலையற்றிருந்த கறுப்பின மக்களுக்கு சுமார் 300 மணி நேரப் பயிற்சி அளித்து 'பிரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் பணியை உருவாக்குவதில் முன்நின்றார். மருத்துவர் அல்லாதவரும் தெருவில் உயிர் காக்கலாம் என்று அவர்கள் நாட்டுக்குக் காட்டினர்.

எனினும் பூசல் எழாமல் இல்லை. நோயாளியை ஏற்றும் பணியைப் போலீசார் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1975-இல் நகராட்சி தானே இப்பணியை ஏற்றபோது, அனுபவம் மிக்க பழைய ஊழியர் பலர் ஒதுக்கப்பட்டனர்; அவர்களைவிடக் குறைந்த அனுபவம் உள்ளோர் அவர்களுக்கு மேலே அமர்ந்தனர்.

குருதிக்கு ஒரு விதி

இனி நம் கேள்விக்கு வருவோம். வயிற்றிலோ மார்பிலோ குண்டு பாய்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். கைகால்களில் பெருகும் குருதியை அழுத்தியோ இறுகக் கட்டியோ நிறுத்தலாம். வயிற்றுக்குள் கிழிந்த குழாயை எந்தக் கட்டு நிறுத்தும்? அறுவை மருத்துவரின் கத்தி ஒன்றே நிறுத்தும்.

"போகும் வழியில் சலைன் ஏற்றினால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். நெடுங்காலம் மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் உப்புநீர் குருதி ஆகாது. அது ஆக்சிஜனைச் சுமக்காது, குருதியை உறையவைக்கும் பொருள்களை நீர்க்கச் செய்யும், உடலைக் குளிர்விக்கும். மேலும், அழுத்தம் குறைந்திருக்கும் வேளையில் கிழிசலின் வாயில் ஒரு குருதிக்கட்டி அடைத்து நிற்கும். அழுத்தத்தை உயர்த்தினால், குழாயின் அடைப்பைத் தண்ணீர் தள்ளுவதுபோல அது பிய்த்துக்கொண்டு போகும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். உடற்பகுதியில் ஊடுருவிய காயமும் தாழ்ந்த குருதியழுத்தமும் உடைய 598 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே திரவம் ஏற்றினர். மற்றவர்களுக்கு அறுவை அறை சேரும்வரை ஏற்றாமல் வைத்தனர். 1994-இல் வெளியான முடிவு: உடனே ஏற்றியவர்களில் 62 விழுக்காட்டினர் பிழைத்தனர்; காத்திருந்தவர்களில் 70 விழுக்காட்டினர் பிழைத்தனர். ஆகவே இங்கே விதி 'அள்ளிக்கொண்டு ஓடு' என்பதே.

இதயத்திற்கு வேறு விதி

நின்றுவிட்ட இதயத்தின் கணக்கு நேர்மாறானது. குருதி ஓட்டம் நின்றால் நாலைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமுறத் தொடங்கும். தேவையான மருத்துவம் இரண்டே: மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துதல்; இதயம் ஒழுங்கின்றித் துடித்து நடுங்கினால் மின்னதிர்ச்சி தருதல். இவ்விரண்டையும் தரையிலேயே செய்யலாம். வளைவுகளில் சாயும் வண்டிக்குள் நின்றுகொண்டு ஒழுங்காக அழுத்த முடியுமா? நோயாளியைத் தூக்கி ஏற்றும் நேரத்திலும் அழுத்தம் தடைப்படுகிறது.

வட அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று இதனை உறுதி செய்தது. ஒத்த நிலையிலிருந்த நோயாளிகளை ஒப்பிட்டபோது, இதயம் மீளாமலேயே வண்டியில் கொண்டுபோகப்பட்டவர்களில் 4 விழுக்காட்டினரே பிழைத்து வீடு திரும்பினர். அங்கேயே வைத்து முயன்றவர்களில் 8.5 விழுக்காட்டினர் திரும்பினர். எனவே இங்கே பெரும்பாலும் விதி 'நின்று ஆடு'.

ஆக, இரு கட்சியினரின் வாதத்திலும் பாதி உண்மை இருந்தது. "இந்த நோயாளிக்கு வேண்டிய மருத்துவம் என் கையில் இருக்கிறதா, மருத்துவமனையில் இருக்கிறதா?" என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கையில் இருந்தால் நில், இல்லையேல் ஓடு.

இருவர் முரண்பட்டால்?

தெருவில் இக்கேள்விக்கு விடை எப்போதும் தெளிவாக இராது. ஒருவர் "போகலாம்" என்பார். மற்றவர் "இன்னும் ஒரு நிமிடம்" என்பார். மூத்தவர் தவறும்போது இளையவர் வாய் திறக்க அஞ்சுவார். இந்த மௌனம் ஆளைக் கொல்லும்.

இதற்கு மருந்து விமானத் துறையிலிருந்து வந்தது. 1970-களில் நிகழ்ந்த சில விமான விபத்துகளில், தலைமை விமானியின் தவறைத் துணை விமானி கண்டும் அழுத்திச் சொல்லாதது தெரிய வந்தது. அதன்பின் இளையவர் துணிந்து சொல்லவும், மூத்தவர் கேட்கவும் பயிற்சி தரப்பட்டது. மருத்துவத் துறையும் அப்பயிற்சியைக் கடன் வாங்கியது. "அட்ரினலின் ஒரு மில்லிகிராம்" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டே ஊசியைப் போடுவார். தவறு அங்கேயே பிடிபடும்.

நம் தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் பணியிலும் வண்டி ஓட்டுநரைப் 'பைலட்' என்றே அழைக்கிறார்கள்!

சொல் செய்யும் தீங்கு

தொழில்மொழி நேரத்தை மிச்சப்படுத்தும். துயரைத் தாங்கவும் உதவும். "இன்று அமைதியாக இருக்கிறது" என்று யாரேனும் சொன்னால் இப்பணியாளர் பலர் பதறுவர். சொன்னால் அழைப்புகள் குவியுமாம்! இது தீங்கற்ற நம்பிக்கை. அடிக்கடி அழைப்பவரை, விமானத்தில் அடிக்கடி பறப்பவர் என்னும் பொருளில் 'ப்ரீக்வென்ட் ப்ளையர்' என்பது அத்தனை தீங்கற்றதன்று. அவர் பத்தாம் முறை அழைக்கும்போது உண்மையிலேயே நெஞ்சு வலித்தால்?

2006 ஜனவரியில், வாஷிங்டன் நகரில் டேவிட் ரோசன்பாம் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் நடைப்பயிற்சியின்போது கொள்ளையரால் தலையில் தாக்கப்பட்டு நடைபாதையில் கிடந்தார். உதவிக்கு வந்தோர் அவரைக் குடித்தவர் என்று எண்ணினர். எத்தனாலின் வேதிக் குறியீட்டிலிருந்து பிறந்த 'ஈ.டி.ஓ.எச்.' என்ற குழூஉக்குறி அவர்மீது ஒட்டிக்கொண்டது. அதன்பின் எவரும் விரையவில்லை. மருத்துவமனையிலும் அவர் காத்துக் கிடந்தார். தலைக்காயம் மிகத் தாமதமாகவே கண்டறியப்பட்டது. இரண்டு நாளில் அவர் இறந்தார். பின்னர் நடந்த அரசு விசாரணை, ஒவ்வொரு படியிலும் தவறு தொடர்ந்ததை வெளிப்படுத்தியது.

ஒருவர் போட்ட முடிச்சை அடுத்தவர் அவிழ்த்துப் பார்க்காததே இதன் காரணம். குழறும் பேச்சும் தள்ளாட்டமும் குடியால் மட்டும் வருவனவல்ல. தலைக்காயத்தாலும், பக்கவாதத்தாலும், நீரிழிவு நோயாளியின் குருதியில் சர்க்கரை மிகத் தாழ்வதாலும் வரும். விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துச் சர்க்கரையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதனால்தான், முழுநினைவில்லாத எவருக்கும் சர்க்கரையைச் சோதிக்கவேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடமாக இருக்கிறது.

அடுத்த முறை ஆம்புலன்ஸ் ஒன்று சாலையோரத்தில் புறப்படாமல் நிற்கக் கண்டால், "ஏன் இன்னும் போகவில்லை?" என்று பதற வேண்டாம். விலகி நின்று வழிவிடுங்கள். விழுந்து கிடப்பவர் ஒருவரைக் கண்டால், "குடித்திருப்பான்" என்று சொல்லிக் கடந்து போகவும் வேண்டாம். அந்த ஒரு சொல் வண்டியின் வேகத்தையே குறைத்துவிடக்கூடும்.