மந்தைகளின் கதை – 7: தாய்ப்பசு காட்டிய கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் இருக்கிறது ஃபோர்ட் ராபின்சன். லகோட்டா பழங்குடித் தலைவர் கிரேஸி ஹார்ஸ் 1877-இல் கொல்லப்பட்டது இந்த ராணுவ முகாமில்தான். ராணுவம் வெளியேறிய பிறகு இறைச்சி மாடுகளுக்கான ஆராய்ச்சி நிலையம் அங்கே குடியேறியது. ஆராய்ச்சியாளர் கீத் கிரகரியும் அவருடைய சகாக்களும் ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் என மூன்று இனங்களை எடுத்துக்கொண்டு, கலப்பினத்தால் உண்மையில் என்ன லாபம் என்று பார்க்க இறங்கினார்கள்.

அவர்கள் பிடித்த அளவுகோல் அருமையானது. கொழுத்த கன்றை மட்டும் தராசில் ஏற்றவில்லை. காளையோடு விட்ட எல்லாப் பசுக்களையும் கணக்கில் வைத்து, பால்குடி மறக்கும் பருவத்தில் பசு ஒன்றுக்கு எவ்வளவு கன்று எடை தேறியது என்று பார்த்தார்கள். சினை பிடிக்காத பசுவும் பிறந்து இறந்த கன்றும் இந்தக் கணக்கில் தப்ப முடியாது.

கன்று கலப்பினம், தாய் தூய இனம் என்றபோது 8.5 சதவீதம் கூடியது. தாயும் கலப்பினமானபோது மேலும் 14.8 சதவீதம்! ஆக, மொத்தம் சுமார் 23 சதவீதம். அதில் பெரிய பங்கு தாயிடமிருந்து வந்தது.

கலப்பினக் கிடேரி கொஞ்சம் முன்னதாகப் பருவத்துக்கு வரும். சினை பிடிப்பது சற்று கூடும். கன்று பிழைப்பதும் பால் சுரப்பதும் அப்படியே. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சில்லறை லாபம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததில்தான் அந்த 23 வந்தது. போதாததற்கு, இந்தப் பசுக்கள் தூய இனப் பசுக்களைவிட ஓராண்டுக்கு மேல் கூடுதலாக மந்தையில் நிலைத்தன.

இறைச்சியின் தரமும் இப்படி எகிறியதா? இல்லை.

அதே மாநிலத்தின் கிளே சென்டரில், கடற்படையின் பழைய வெடிமருந்துக் கிடங்கு நிலத்தில் அமைந்த ஆராய்ச்சி மையம் இதை இன்னும் விரிவாகப் பார்த்தது. அங்கே அறுத்த மாட்டின் கொழுப்பும் தசையும் பெரும்பாலும் தாய் தந்தை இருவரின் சராசரியையே ஒட்டி வந்தன. பரம்பரையாக வலுவாக இறங்கும் குணங்களில் கலப்பின வீரியம் குறைவாகவே தெரியும்; கருவுறுதல், உயிர் பிழைத்தல் போல மெல்ல இறங்கும் குணங்களில்தான் அது பளிச்சிடும். ஒரே இனத்துக்குள் சேர்ந்துபோன மறைந்திருக்கும் குறைகளை வேற்றினத்தின் மரபணு மூடிவிடுவது இந்த வீரியத்துக்கு முக்கியக் காரணம். அதனால் இறைச்சியில் மாற்றம் வேண்டுமென்றால் இனத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சாரொலே, லிமூசான் காளைகள் கொழுப்பு குறைந்த சதையைத் தரும். தசை இழைகளுக்கு இடையே கொழுப்பு ஓட வேண்டுமானால் ஆங்கஸ்.

பிறகு நம் துணைக்கண்டத்துத் திமில் மாடுகள் உள்ளே வந்தன. பஞ்சாபின் சாஹிவால், ஓங்கோலும் கிர்ரும் கலந்து அமெரிக்காவில் உருவான பிராமன். வெயிலையும் உண்ணியையும் தாங்குபவை. உறவில் தூரம் அதிகம் என்பதால் இவற்றோடு கலந்தபோது வீரியமும் கூடியது. ஆனால் பிராமன் காளைக்கு ஐரோப்பியப் பசு ஈன்ற கன்று பெருத்துப் பிறந்து பேற்றைச் சிரமமாக்கியது. ஐரோப்பியக் காளைக்குப் பிராமன் பசு ஈன்றதோ சிறுத்து, எளிதாகப் பிறந்தது. கலப்பு ஒன்றேதான், கருப்பை மாறியது!

விலை கொடுத்தது இறைச்சியின் மென்மை. அறுத்த பின் கால்பெயின் என்ற நொதி தசை நார்களை உடைத்து இறைச்சியைப் பதமாக்கும். அதைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் திமில் மாடுகளிடம் அதிகம். இவற்றின் ரத்தப் பங்கு கால், அரை, முக்கால் என்று ஏற ஏற இறைச்சி கடினமாகிக்கொண்டே போனது.

டெக்சாஸின் கிங் பண்ணையோ இந்த நொதிக் கணக்கெல்லாம் வருவதற்கு வெகு முன்பே, எட்டில் மூன்று பங்கு பிராமன், ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன் என்று சான்டா கெர்ட்ரூடிஸ் இனத்தை உருவாக்கியிருந்தது. 1940-இல் அதற்கு அரசு அங்கீகாரமும் கிடைத்தது. அந்த இனத்துக்கு வித்திட்ட, 1920-இல் பிறந்த 'மங்கி' என்ற காளையின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)