ஒரே பெயரில் இரண்டு கோப்பு

பெடாஸ் தோட்டப்புறத்தில் பால்வெட்டிய என் பாட்டியின் குரலை, வரலாற்றுப் பாட இடுபணிக்காக இரண்டு நாள் கைப்பேசியில் பதிவு செய்தேன். முதல் நாள் தம் திருமணக் கதை. மறுநாள் வேலைக்காட்டுக் கதை. இரண்டுக்கும் 'பாட்டி' என்றே பெயரிட்டு, கணினிப் பாடத்துக்காகத் திறந்திருந்த மேகச் சேமிப்புக் கணக்கில் ஒரே இடத்தில் ஏற்றினேன். பிறகு கைப்பேசியில் இடமில்லையென்று இரண்டையும் அழித்தேன். மறுவாரம் பார்த்தால் வேலைக்காடு மட்டுமே இருந்தது.

தவறு என்னுடையதுதான். அமேசான் 2006இல் தொடங்கிய எஸ்3 சேவையில், கோப்புகளைப் போட்டுவைக்கும் கலனுக்குப் 'பக்கெட்' என்று பெயர். "எங்க பால் வாளி மாதிரியா?" என்றார் பாட்டி. பால் வாளியில் மங்கு மங்காக ஊற்றினால் பால் சேரும். இந்த வாளியில் அதே பெயரில் இன்னொரு கோப்பை ஏற்றினால், பழையது போய்ப் புதியது உட்காரும். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது. நாம் பார்க்கும் கோப்புறைகூட அங்கே தனி அறையல்ல, சாய்கோடு சேர்ந்த நீண்ட பெயர்தான். பெயர்தான் முகவரி.

'வெர்ஷனிங்' வசதியை இயக்கினால் பழைய பிரதிகளும் தங்கும். ஆனால் அதை நாமேதான் இயக்க வேண்டும். பழைய பிரதிகள் பிடிக்கும் இடத்துக்கும் கட்டணம் உண்டு. இப்போது அதை இயக்கிவிட்டேன். கோப்பின் பெயரில் தேதியையும் தலைப்பையும் சேர்க்கிறேன். வன்தட்டில் ஒரு பிரதி எடுக்கும்வரை கைப்பேசியில் எதையும் அழிப்பதில்லை.

திருமணக் கதையைப் பாட்டி மறுபடி சொன்னார். இம்முறை பத்தே நிமிடம். ஊர்வலம் பற்றிக் கேட்டேன். "அதான் அன்னிக்கே சொல்லிட்டேனே, ஐயா" என்றார்.