தாட்சர் போட்ட ஸ்வெட்டர்

வலதுசாரின்னா இப்படித்தான், இடதுசாரின்னா அப்படித்தான்னு ஈஸியா சொல்லிடுறோம். நானும் சொல்வேன். அந்த நம்பிக்கையை ஆட்டியது ஒரு ஸ்வெட்டர்.

1975. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் நீடிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு. வலதுசாரி கன்சர்வேட்டிவ் தலைவர் மார்கரெட் தாட்சர், உறுப்பு நாடுகளின் கொடிகள் போட்ட ஸ்வெட்டரை அணிந்து ‘நீடிப்போம்’ என்று பிரசாரம் செய்தார். லேபர் பிரதமர் வில்சனும் ஆதரவு. ஆனால் லேபரின் இடதுசாரி அணி எதிர்த்தது: ‘இது முதலாளிகளின் சங்கம்.’ 1983 தேர்தல் அறிக்கையில் அந்தக் கட்சியே ‘வெளியேறுவோம்’ என்றது.

இப்போ 2016க்கு வாங்க. லேபர் ‘இருப்போம்’ங்குது. கன்சர்வேட்டிவ் கட்சி ரெண்டா பிளந்து, அதில் ஒரு பாதி ‘வெளியேறு’ங்குது.

நடுவுல என்ன ஆச்சு? 1988 செப்டம்பர். ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர், பிரிட்டன் தொழிற்சங்க மாநாட்டில் தொழிலாளர் உரிமைகளைப் பற்றிப் பேசினார். மூணு தேர்தல் தொடர்ந்து தோத்திருந்த தொழிற்சங்கக்காரங்களுக்கு அது பெரிய நம்பிக்கை. அதே மாதம் புரூஜ் நகரில் தாட்சர், பிரஸ்ஸல்ஸின் அதிகாரம் வளர்வதை எதிர்த்துப் பேசினார்.

இது வெறும் பல்டியா? முழுசா அப்படி இல்லைங்க. இவங்களுக்குத் தொழிலாளர் பாதுகாப்பு, அவங்களுக்குத் தடையில்லாத சந்தை. தேடினது மாறல, ஐரோப்பாதான் மாறுச்சு.

அதனால ஒரு கட்சி நிலைப்பாட்டை மாத்தினா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: காரணமும் மாறிடுச்சா? காரணமே சொல்லாம மாத்தினா, அப்போ தாராளமா திட்டலாம்.