ஆடும் ஸ்டியரிங்கும் நான்கு சின்ன போல்ட்டுகளும்

உயரமான பிக்கப் வண்டியில் ஏறுகிறவர்களைக் கவனித்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். கதவைத் திறந்ததும் கை நேராக ஸ்டியரிங் வீலுக்குப் போகும். அதைப் பிடித்து இழுத்து, உடம்பைத் தூக்கி, இருக்கையில் உட்காருவார்கள். இறங்கும்போதும் அதே பிடிதான். ஒரு நாளில் பத்து முறை, இப்படியே முப்பது நாற்பது வருடம். அமெரிக்கப் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய செவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகளில் ஸ்டியரிங் ஆட்டம் காண இந்தப் பழக்கமும் முக்கியமான காரணம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1987 வரை விற்ற அந்த வண்டிகளை, அவற்றின் பெட்டி வடிவத்தை வைத்து ‘ஸ்கொயர் பாடி’ என்று அங்கே அழைக்கிறார்கள். எளிய எஞ்சின், கெட்டியான சேஸி, இப்போதும் கடையில் கிடைக்கும் பாகங்கள். இவற்றால்தான் அரை நூற்றாண்டைத் தொட்ட வண்டிகளும் வைக்கோல் கட்டு சுமக்கின்றன. ஆனால் சாய்க்கும் வசதியுள்ள ஸ்டியரிங் பொருத்திய வண்டிகளில் ஒரு கோளாறு கிட்டத்தட்ட நிச்சயமாக வந்து சேரும். வீலை மேலும் கீழுமாக அசைத்தால் ஆடும் பல்லைப்போல அது அசைந்துகொடுக்கும். முதலில் லேசாக இருக்கும். சில மாதங்களில் ஒவ்வொரு குழியிலும் ‘டக்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கும்.

ஸ்டியரிங்கில் ‘ப்ளே’ என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. வீலைத் திருப்பியும் சக்கரம் திரும்பாமல் கொஞ்ச தூரம் வெற்றாகப் போனால், கோளாறு கீழே இருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸிலோ, டைராடு எண்டிலோ, ஸ்டியரிங் தண்டையும் பாக்ஸையும் இணைக்கும் ரப்பர்த் துணி வளையத்திலோ தேய்மானம் ஏற்பட்டிருக்கும். வீல் சுற்றாமல், முழுதாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைந்தால் கோளாறு தண்டிலேயே. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் புது ஸ்டியரிங் பாக்ஸ் வாங்கி மாட்டி, ஆட்டம் அப்படியே இருப்பதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. டாஷ்போர்டுக்கு அடியில் தண்டைத் தாங்கும் பிராக்கெட் போல்ட்டுகளை முதலில் இறுக்கிப் பார்ப்பது நல்லது. சில வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் காரணம் உள்ளே இருக்கிறது. சாய்க்கும் ஸ்டியரிங்கை 1960-களில் ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அமைப்பில், வீலைத் தாங்கும் மேல் கூடு இரண்டு முளைகளின் மேல் கீல் போல அசைகிறது. அந்த முளைகள் நிற்கும் தாங்கியை வெளிக்குழாயோடு பிடித்து வைத்திருப்பவை வெறும் நான்கு போல்ட்டுகள். ஓட்டுநர் வீலைப் பிடித்துத் தொங்கும் ஒவ்வொரு முறையும் அவர் எடை நீண்ட நெம்புகோலின் விசையாக மாறி அந்த நான்கின் மேல்தான் விழுகிறது. அவை உடைவதில்லை, தளர்கின்றன. ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றின் சுமை கூடும். பிறகு எல்லாமே கழலும்.

அந்த நான்கையும் எட்டுவதுதான் பாடு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஹாரன் மூடியை எடுத்து, நடு நட்டைத் திருகி, வீலைப் புல்லர் வைத்து இழுக்க வேண்டும். அதன் கீழே, சாவியை எடுத்ததும் ஸ்டியரிங்கைப் பூட்டும் தட்டு இருக்கிறது. பலமான ஸ்பிரிங் அதை மேலே தள்ளிக்கொண்டிருப்பதால், அதை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். பிறகு இண்டிகேட்டர் சுவிட்ச், சாவி உருளை, மேல் மூடி என்று வரிசையாக வரும். அடுத்தது வீலைச் சாய்க்க உதவும் ஸ்பிரிங். வீலை முழுக்க மேலே சாய்த்து வைத்தபிறகே இதன் மூடியை அமுக்கித் திருப்பி எடுக்க வேண்டும். அப்போதும் முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொள்வது அவசியம், அத்தனை விசையோடு பாயக்கூடியது அது. கடைசியாக இரண்டு பக்க முளைகள். அவற்றின் நடுவில் சிறு திரெட் வெட்டியிருப்பார்கள். அதில் ஒரு திருகைச் செலுத்தி, அதைக் கொண்டு முளையை வெளியே இழுக்க வேண்டும்.

கூட்டை உருவியதும் நான்கு போல்ட்டும் தெரியும். அவற்றின் தலையே நட்சத்திர வடிவில் இருக்கும் என்பதால் சாதாரண ஸ்பேனர் பிடிக்காது. இ8 எனப்படும், உட்புறம் நட்சத்திரமாகக் குழிந்த சாக்கெட் வேண்டும். பல நேரங்களில் விரலாலேயே திருகும் அளவுக்கு அவை தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய கிரீஸ் போகத் திரெட்டைச் சுத்தம் செய்து, திருகு தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை இட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினால் வேலையின் இதயம் முடிந்தது. நேரம் எல்லாம் போவது பிரிப்பதிலும் கோப்பதிலும்தான்.

இவ்வளவு தூரம் பிரித்தபின் மற்றவற்றையும் பார்க்காமல் மூடுவது சரியல்ல. மேல் பேரிங்கைச் சுற்றிப் பார்க்கும்போது கரகரத்தால் மாற்றிவிட வேண்டும். முளை நிற்கும் குழி தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் எத்தனை இறுக்கினாலும் ஆட்டம் திரும்பும், கூட்டையே மாற்றுவதுதான் வழி. வீலைச் சாய்த்த நிலையில் பிடித்து நிறுத்தும் பல் கட்டைகள் மழுங்கியிருந்தால் ஓட்டும்போது வீல் திடீரென்று கீழே இறங்கிவிடக்கூடும். கீழ்ப்பேரிங்கும் தன் பங்குக்குத் தேயும். அதை மாற்ற மேல் பாகத்தைப் பிரிக்கத் தேவையில்லை.

இந்த வேலையில் சுத்தியலுக்கு மட்டும் இடமில்லை. வீல் இறுகிப்போய் வராதபோது தண்டின் நுனியில் நாலு தட்டுத் தட்டத்தான் எந்தக் கைக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தண்டு மடங்குவதற்கென்றே செய்யப்பட்டது.

1960-களின் நடுப்பகுதிவரை பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் தண்டு ஒரே நீள இரும்பு. நேருக்கு நேர் மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்க, அந்தத் தண்டு பின்னால் தள்ளப்பட்டு ஓட்டுநரின் மார்பைத் தாக்கியது. ரால்ஃப் நாடர் 1965-இல் வெளியிட்ட ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ நூல் எடுத்துச் சொன்ன ஆபத்துகளில் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மோதலின் விசையை வாங்கிச் சுருங்கும் தண்டை 1967 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்தியது. 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்கு அது விதியானது: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதும் சோதனையில், தண்டின் மேல்நுனி ஓட்டுநரை நோக்கி 127 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. முன்பக்க மோதல்களில் ஓட்டுநர் இறக்கும் வாய்ப்பை இந்தத் தண்டுகள் சுமார் 12 சதவீதம் குறைத்ததாக அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை பிறகு மதிப்பிட்டது. பிக்கப்புகளுக்கும் இதே வகைத் தண்டுகள் வந்து சேர்ந்தன.

அது சுருங்குவதற்கான ஏற்பாடு மிக எளியது. உள்தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகளாக இருக்கும். இரண்டையும் பிடித்து வைத்திருப்பவை சிறு பிளாஸ்டிக் முளைகள். மோதலின் விசையில் அவை அறுந்து, தண்டு தன்னுள்ளேயே நுழைந்து சுருங்கும். சுத்தியல் அடிக்கும் அந்த முளைகளை அறுத்துவிடும் பலம் உண்டு. தண்டைக் கீழே போடுவதும், பொருத்தாத நிலையில் அதன்மேல் சாய்வதும்கூடத் தவறு. ஏற்கெனவே விபத்தில் சிக்கிய வண்டியின் தண்டு சற்றே சுருங்கியிருந்தால் அதைச் சரிசெய்ய முயலவே கூடாது. தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டுவதே சரி.

இத்தனை நுணுக்கத்துக்கு மத்தியிலும் வீட்டு முற்றத்தில் வைத்து இந்த வேலையைச் செய்ய முடிகிறது என்றால், அதற்கு ஏர்பேக் இல்லாததும் ஒரு காரணம். இந்தப் பிக்கப்புகளின் அடுத்த தலைமுறையிலும் 1995-இல்தான் ஓட்டுநருக்கான ஏர்பேக் பரவலாக வந்தது. அது உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, உற்பத்தியாளர் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்தபின்பே வீல் பக்கம் கை போக வேண்டும்.

கோக்கும்போது ஒரு இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். சாவி திரும்பும்போது அதன் அசைவைப் பல் சக்கரத் துண்டு ஒன்று, பல் வெட்டிய கம்பி வழியாகக் கீழே உள்ள இக்னிஷன் சுவிட்சுக்குக் கடத்துகிறது. ஒரு பல் தள்ளிப் பொருந்தினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது அணையாது. பிரிக்கும்போதே செல்போனில் படிப்படியாகப் படம் எடுத்து வைத்தால் இந்தத் தொல்லை வராது.

எல்லாம் மாட்டியபின் வண்டியைச் சாலைக்கு எடுப்பதற்குமுன் நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டியவை இருக்கின்றன. வீல் ஒவ்வொரு சாய்விலும் அழுத்தமாக நிற்க வேண்டும். சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் பூட்ட வேண்டும், போட்டுத் திருப்பியதும் விட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆக வேண்டும். இரண்டு பக்க இண்டிகேட்டரும் வளைவு முடிந்ததும் தானாக அணைய வேண்டும். அதன்பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, நேராகப் போகும்போது வீலும் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இனி ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கதவு ஓரத் தூணில் ஒரு கைப்பிடி மாட்டிக்கொண்டால், லாக்டைட் போட்ட அந்த நான்கு போல்ட்டுகளுக்கும் பாரம் குறையும்.