சிப் விற்ற இன்ஜினீயர்கள்!

‘‘இன்ஜினீயரிங் முடிச்சுட்டு மார்க்கெட்டிங் போறியா? இதுக்கா நாலு வருஷம் அரியர் எழுதினே?’’

வீட்டில் இந்த டயலாக்கைக் கேட்காதவர்கள் பாக்கியசாலிகள்! மார்க்கெட்டிங் என்றாலே கழுத்தில் டை, தோளில் பை, மொட்டை வெயிலில் பைக்... இதுதான் நம்ம அப்பாக்கள் மனசில் ஓடுகிற படம். அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. நமக்கே கோர் கம்பெனி, ஐ.டி. கம்பெனி, மேல்படிப்பு என்று மூணு கதவுதான் தெரியும். நாலாவதாக ஒரு கதவு இருக்கு. அதில் நுழைந்த சில எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர்களால்தான் இத்தனை கம்ப்யூட்டர்களில் ‘இன்டெல் இன்சைடு’ ஸ்டிக்கர் ஏறியது!

தோத்துக்கிட்டிருந்த சிப்

1978-ல் இன்டெல் கம்பெனி 8086 மைக்ரோபிராசஸரை இறக்கியது. அடுத்த வருஷமே போட்டிக்கு வந்தது மோட்டோரோலாவின் 68000. மைக்ரோபிராசஸர் பேப்பரில் ரெண்டையும் படித்தவர்களுக்குத் தெரியும், 68000-ன் ஆர்க்கிடெக்சர் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று. 1979 கடைசியில் இன்டெல்லின் சேல்ஸ் ஆட்கள் புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள். கஸ்டமர்கள் ஒவ்வொருத்தராக மோட்டோரோலா பக்கம் சாய்ந்துகொண்டு இருந்தார்கள்.

இன்ஜினீயர் மூளைக்கு உடனே தோன்றும் பதில் என்ன? ‘இதைவிட சூப்பரா ஒரு சிப் பண்ணுவோம்!’ ஆனால், புது சிப் செய்ய வருஷக்கணக்கில் ஆகுமே! அதற்குள் மார்க்கெட் கையை விட்டுப் போயிருக்கும்.

களத்தில் குதித்தவர் பில் டேவிடோ. ஸ்டான்ஃபோர்டில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பிஹெச்.டி. முடித்தவர். அவருடைய டீம், ‘யார் சிப் நல்ல சிப்?’ என்ற கேள்வியையே ஓரம்கட்டிவிட்டு, ‘வாங்குறவருக்கு நிஜமா என்ன வேணும்?’ என்று யோசித்தது.

ஒரு சிப்பை வாங்கி மெஷின் செய்கிற கம்பெனிக்கு சிப் மட்டும் போதுமா? புரொகிராம் எழுத டெவலப்மென்ட் சிஸ்டம் வேணும். கணக்குப் போட துணை பிராசஸர் வேணும். நடு ராத்திரியில் மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல ஆள் வேணும். அடுத்த சிப் எப்போ வரும் என்ற நம்பிக்கை வேணும். இதிலெல்லாம் இன்டெல்தான் முன்னால் நின்றது. அதையே விற்க ஆரம்பித்தார்கள்!

ஊர் ஊராக செமினார், இனி வரப்போகும் சிப்களுக்கு ஒரு கேட்லாக், ஜெயிக்கிற சேல்ஸ் ஆட்களுக்கு தஹிதித் தீவுக்கு டூர்! ‘ஆபரேஷன் க்ரஷ்’ என்று பேர். 1980-ல் 2,000 டிசைன்களில் இன்டெல் சிப்பை நுழைக்க வேண்டும் என்று டார்கெட் வைத்தார்கள். வந்தது சுமார் 2,500! அதில் ஒன்று ஐ.பி.எம். 1981 ஆகஸ்ட்டில் வந்த ஐ.பி.எம். பி.சி-க்குள் உட்கார்ந்திருந்தது, 8086-ன் தம்பி 8088. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

அந்த சமயத்தில் இன்டெல்லில் இன்னொரு எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரும் மார்க்கெட்டிங், சேல்ஸ் என்று சுற்றிக்கொண்டு இருந்தார். பேர் ஜான் டோர். பின்னாளில் அமேசானிலும் கூகுளிலும் ஆரம்பத்திலேயே முதலீடு செய்த அதே ஆள்தான்!

சொந்தச் சிப்புக்கே சிவப்பு பெயின்ட்!

அடுத்த ஹீரோ டென்னிஸ் கார்ட்டர். இவரும் இன்ஜினீயர்தான், கூடவே ஹார்வர்ட் எம்.பி.ஏ. 1985-லேயே 386 வந்துவிட்டாலும் ஜனங்கள் 286 கம்ப்யூட்டரைத்தான் வாங்கிக்கொண்டு இருந்தார்கள். 1989-ல் கார்ட்டர் ஒரு விளம்பரம் போட்டார். ‘286’ என்று பெரிசாக எழுதி, அதன் மேல் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி! நம்ம சரக்கை நாமே அடிப்பதா என்று கம்பெனிக்குள்ளேயே பலருக்கு அதிர்ச்சி. ஆனால், 386 பிக்கப் ஆகிவிட்டது.

இதில் கார்ட்டர் ஒரு விஷயம் பிடித்தார். கண்ணுக்கே தெரியாத ஒரு பார்ட்டைப் பற்றிக்கூட, நேராகப் பேசினால் ஜனங்கள் கேட்கிறார்கள்! அதில் பிறந்ததுதான் 1991-ல் வந்த ‘இன்டெல் இன்சைடு’. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தில் அந்த லோகோவைப் போட்டால், செலவில் ஒரு பகுதியை இன்டெல் கொடுக்கும். ‘386’ என்ற வெறும் நம்பரை டிரேட்மார்க்காகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று அதே வருஷம் கோர்ட் சொல்லிவிட, 1993-ல் வந்த சிப்புக்கு நம்பருக்குப் பதில் பேர் வைத்தார்கள். அதுதான் பென்டியம்!

விடை சரி... ஆனாலும் ஃபெயில்!

இனிமேல்தான் கிளைமாக்ஸ். 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணக்குப் பேராசிரியர், பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்டெல் இன்ஜினீயர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சாதாரணமாக ஸ்ப்ரெட்ஷீட் போடுகிறவருக்கு இந்தத் தப்பு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்! அதனால், ‘சிப்பை மாத்தணுமா? உங்களுக்கு அது ஏன் தேவைன்னு சொல்லுங்க’ என்றது இன்டெல்.

ஜனங்கள் கொதித்துப் போனார்கள். டிசம்பரில் ஐ.பி.எம். அந்த கம்ப்யூட்டர்களை அனுப்புவதையே நிறுத்தியது. கடைசியில் டிசம்பர் 20 அன்று, கேட்கிற எல்லோருக்கும் சிப்பை மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்தது இன்டெல். ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்!

எங்கே தப்பு? அதுவரை இன்டெல்லின் கஸ்டமர் இன்னொரு இன்ஜினீயர். அவரிடம் 27,000 வருஷம் என்று சொன்னால் தலையாட்டுவார். ஆனால், மூணு வருஷமாக ‘உள்ளே இருப்பது நாங்கதான்’ என்று வீட்டு வாசலுக்கே வந்து சொல்லியாச்சே! இப்போ கஸ்டமர், கடையில் காசு கொடுத்து கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு குடும்பம். அவங்களுக்குத் தேவை கணக்கு இல்லை, நம்பிக்கை. கஸ்டமர் மாறினதை கம்பெனியே கவனிக்கவில்லை!

நமக்கு என்ன?

டெக்னாலஜி மார்க்கெட்டிங் மேனேஜரின் வேலையே இந்த ‘கவனிப்பு’தான். யார் வாங்குவாங்க, என்ன விலை, எந்த ஃபீச்சர் முதலில், எதிராளி எதில் வீக்... இதையெல்லாம் முடிவு செய்து, ஒரு காதில் டிசைன் டீமையும் இன்னொரு காதில் கஸ்டமரையும் கேட்கணும்.

போற வழி ரெண்டு. ஒண்ணு, ரெண்டு மூணு வருஷம் இன்ஜினீயராக வேலை பார்த்துவிட்டு ‘கேட்’ அல்லது நம்ம ஊர் ‘டான்செட்’ எழுதி எம்.பி.ஏ. சேருவது. இன்னொண்ணு, கம்பெனிக்குள்ளேயே ப்ரீ-சேல்ஸ், அப்ளிகேஷன் இன்ஜினீயர் மாதிரி கஸ்டமர் முகம் பார்க்கிற வேலைக்கு நகர்ந்து, அங்கிருந்து மெள்ள இந்தப் பக்கம் வருவது.

ஆனால், ஒரு எச்சரிக்கை மக்கா! கோடிங் வரலை, சர்க்யூட் புரியலை என்று தப்பிக்க வருகிறவர்களுக்கு இது இடமில்லை. டேட்டாஷீட்டைப் படிக்கத் தெரியாதவர் அதை அடுத்தவருக்கு எப்படிப் புரிய வைப்பார்? அதோடு, லேப் மாதிரி ஆசிலோஸ்கோப்பில் ‘அவுட்புட் வந்தாச்சு’ என்று காட்டி நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. ஜெயித்தால் ‘புராடக்ட் நல்லா இருந்துச்சு’ என்பார்கள். தோற்றால், ‘மார்க்கெட்டிங் சரியில்லை’ என்பார்கள்!

நமக்கு செட் ஆகுமா என்று பார்க்க ஒரு சின்ன டெஸ்ட். உங்க புராஜெக்ட்டை எடுத்துக்கிட்டு கேன்டீன் அண்ணன்கிட்ட போங்க. ஒரு டெக்னிக்கல் வார்த்தைகூட இல்லாமல் அது என்னன்னு சொல்லுங்க. ‘இது யாருக்குப்பா உபயோகம்?’ என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தால், தாராளமா லேப்புக்குத் திரும்பிடுங்க. அங்கேயும் நல்ல ஆட்கள் தேவை. அந்தக் கேள்வியிலேயே ராத்திரி தூக்கம் போச்சுன்னா, நாலாவது கதவு உங்களுக்குத்தான்.

அப்பா திரும்பவும் கேட்டால் இப்படிச் சொல்லுங்க: ‘‘படிச்சது வீணாகலைப்பா. செய்யறவனுக்கு சிப் தெரிஞ்சா போதும். விக்கிறவனுக்கு சிப்பும் தெரியணும், வாங்குற மனுஷனையும் தெரியணும்!’’